கால் எடுத்த இடம்

மூன்றிலும் எது மிகச் சிறியதோ அதுதான் மிகுதியாகப் பேசும் என்பது, இன்னாசி அதைப் பற்றி வாய் திறக்குமுன்பே பூங்கோதைக்கு விளங்கிவிட்டது. கண்ணாடி மேசைமேல் பச்சைத் துணியை விரித்து, நகைக்கடைக்காரர் அட்டிகையை எடுத்து வைக்கும் பதனத்தோடு அவர் அவற்றை வைத்திருந்தார். ஒரு கேமரா, முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர்க் குமிழோடு. அதை ஒட்டி ஒரு கறுப்புப் பெட்டி, செயற்கைக்கோளைப் பார்த்துப் பார்த்து, கார் எந்தக் கணத்தில் எந்த இடத்தில் என்ன வேகத்தில் இருந்தது என்று பதிந்துவைப்பது. கடைசியில், கட்டைவிரல் அளவே ஆன ஒரு செருகி. ஸ்டியரிங்குக்குக் கீழே எல்லாக் கார்களிலும் ஒரு துளை இருக்கிறது, மெக்கானிக்குகள் மட்டுமே குனிந்து பார்க்கும் துளை. இதை அதில் பொருத்திவிட்டால் காரின் நரம்புகளையே ஒட்டுக்கேட்கும். அவள் கணவர் மகுடேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றி, அந்தச் செருகியின்மேல் குனிந்திருந்தார். கல்யாணப் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தவரின் முகம் அவருக்கு. "இது என்னத்தையெல்லாம் சொல்லுமுங்க?" என்றார். இன்னாசி, ஒரு காலத்தில் ராலி என்னும் நெடுந்தூரக் கார்ப்பந்தயங்களில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழிக்குறிப்பு வாசித்தவர், இப்போது இந்த இரண்டாம் மாடிக் கடையில் ஹெல்மெட்டும் கையுறையும் விற்பவர், தம் வழுக்கையைத் தடவியபடி சிரித்தார். "என்னத்தைச் சொல்லாதுன்னு கேளுங்க மகுடு. இஞ்சின் சுத்து, கியரு, உங்க கால் ஆக்ஸிலரேட்டர்ல எத்தனை பங்கு அமுந்துச்சு, எந்த எடத்துல எடுத்தீங்க, எடுத்துட்டு எத்தனை நேரம் சும்மா இருந்தீங்க, அத்தனையும். பொண்டாட்டிகூட இத்தனை கண்டுபிடிக்க மாட்டா." கணவர் சிரித்தார்; பூங்கோதையும் சிரித்தாள்; சிரித்த வாய் மூடிய பின்னும் அந்தச் சொற்கள் மேசைமேல் அப்படியே இருந்தன. எந்த எடத்துல எடுத்தீங்க.

மின்விசிறி புதிய ரப்பரின் வாடையைக் கிளறி அவள் பக்கமாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த ஹெல்மெட்டுகள் முகமில்லாத கூட்டமாக அவளைப் பார்த்தன. அவள் பார்வையைத் தாழ்த்தித் தன் வலது காலைப் பார்த்தாள். சாதாரணச் செருப்பணிந்த, சற்றே வீங்கிய, நாற்பத்தைந்து வயதுக் கால். அந்தக் கால் எத்தனை நுட்பமாகப் பொய் சொல்லும் என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. நூற்பாலைகளுக்கு நூலின் தரம் சோதித்துச் சொல்லும் கூடத்துக்கு அவள் பொறுப்பாளர். நூல் கருவியினூடாக ஓடும்போது திரையில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே போகும். தடித்த இடத்தில் மேலே எழும், மெலிந்த இடத்தில் கீழே இறங்கும். எங்கோ ஓரிடத்தில் மெலிந்தால் அது பஞ்சின் குற்றம், தற்செயல், மன்னித்துவிடலாம். ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் மெலிந்தால் அது தற்செயல் அன்று. எங்கோ ஒரு உருளை கோணியிருக்கிறது, எங்கோ ஒரு கை வேண்டுமென்றே செய்கிறது என்று பொருள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இதை அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! ஆலை முதலாளி ஒருவர் வீட்டுக்கே பழக்கூடை அனுப்பி, ஒரு எண்ணை மட்டும் கொஞ்சம் தூக்கிப் போடச் சொன்னபோது, கூடையை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பியவள் அவள். அளவு என்பது அளவு. அப்படி இருந்தவள்தான், இருக்கிறவள்தான், ஞாயிற்றுக்கிழமைகளில், ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே, கடைசி வளைவில், நான்கு ஆண்டுகளாக. அந்தச் சொற்றொடரை மனம் முடிக்க மறுத்தது. முடிக்காமல் விட்டால் அது நடக்காததாகிவிடும் என்பதுபோல, நான்கு ஆண்டுகளாக, நான்கு ஆண்டுகளாக என்று அதே முள்ளில் சேலை நுனியாக மாட்டிக்கொண்டு நின்றது.

ஆட்டோகிராஸ் என்றால் என்ன என்று சோதனைக்கூடத்தில் கேட்பவர்களுக்கு அவள் சுருக்கமாகச் சொல்லுவாள்: வெட்டவெளியில் கூம்புகளை வைத்துப் பாதை அமைப்பார்கள், முதலில் எல்லாரும் அதில் நடந்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், பிறகு ஒரு நேரத்தில் ஒரு கார், எதிரி கடிகாரம் மட்டுமே, கூம்பைத் தட்டினால் இரண்டு நொடி அபராதம். கேட்பவர்கள் இதிலே என்ன இருக்கிறது என்பதுபோல் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. ஒரே காரை இருவர் ஓட்டலாம். ஒருவர் ஓடி முடித்து இறங்கியதும் மற்றவர் ஏறி, இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டு, உடனே ஓட வேண்டும். முன்னால் ஓடுகிறவருக்கு ஆறிய டயர், பிடிக்காது, வழுக்கும். பின்னால் ஓடுகிறவருக்குச் சூடேறிய டயர்; தரையைக் கவ்விக்கொள்ளும். ஆகவே முன்னால் ஓடுகிறவர் இழக்கிறார், பின்னால் ஓடுகிறவர் பெறுகிறார். முதல் நாளிலிருந்தே மகுடேஸ்வரன் முன்னால் ஓடினார். "நீ புதுசு கண்ணு, நீ சூட்டுல ஓட்டு, நான் காயவெச்சுத் தாறேன்" என்றார், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறவரைப்போல. அவள் புதியவளாக இல்லாமல் போன பிறகும் அந்த முறையை அவர் மாற்றவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் அவள் நெஞ்சில் ஏதோ கனத்து இறங்கும், ஏனென்றால் பின்னால் ஓடுகிறவளுக்கு இன்னொன்றும் கிடைக்கிறது: முன்னால் ஓடியவரின் நேரம். ஒலிபெருக்கியில் அது உரக்க அறிவிக்கப்படும். அவர் தமக்கு நட்டப்படுத்திக்கொண்டு கொடுத்த சூட்டையும் அவருடைய எண்ணையும் ஒருசேர வாங்கிக்கொண்டுதான் அவள் புறப்பட்டாள், ஒவ்வொரு முறையும். வாங்கிக்கொண்டதை எதற்குப் பயன்படுத்தினாள் என்பதை அந்தக் கட்டைவிரல் செருகி ஒரு ஞாயிறுக்குள் கோடாக வரைந்துவிடும்.

"கேமரா போதாதுங்களா?" என்று தன் குரல் கேட்பதை அவள் கேட்டாள். இயல்பான குரல்தான். "பார்த்தாலே தெரியுமே, எங்க அகலமாப் போறோம், எங்க கூம்பை விட்டு விலகிப் போறோம்னு." இன்னாசி தலையை ஆட்டினார். "கேமரா நல்லதுதான் அம்மணி. ஆனா அது கண்ணு மாதிரி. பாக்கறதுக்கு வேகமாத் தெரியறதெல்லாம் வேகமில்லீங்க. டயர் கத்துது, புழுதி பறக்குது, ஆகா என்னமா ஓட்டறான்னு தோணும். பெட்டியில பாத்தா அங்கதான் நேரம் ஒழுகியிருக்கும். நானும் பத்து வருஷம் பக்கத்துல உக்காந்து நோட்டு வாசிச்சவன். ஓட்டறவன் கிட்டப் பேசிப் பிரயோசனமில்ல. கோட்டைப் போட்டுக் காட்டுனாத்தான் வாயை மூடுவான்." மகுடேஸ்வரன் மகிழ்ந்துபோய் மேசையைத் தட்டினார். "அதையேதான் நானும் இவகிட்ட ஒரு மாசமாச் சொல்றேன். எம்பட கோட்டையும் இவ கோட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சுப் பாத்தா, எங்க பிரியுதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுரும்." இன்னாசி கண்ணைச் சிமிட்டினார். "பாத்துங்க, அம்மணி கோடு மேல போயிரப் போகுது." "போகட்டுமே! போகோணும்னுதானே இத்தனை பாடு. ஒருக்கா என்னை ஜெயிச்சுப் போட்டிருக்கா. அதுக்கப்புறம் நான் உசாராயிட்டேன்ல?" என்று கணவர் சொல்லி, அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பெருமையும் கேலியுமாக. உசாராயிட்டேன். அந்தச் சொல் அவள்மேல் மெல்ல விழுந்தது, கல்லாக விழுந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். உசாரானதற்குச் சான்று என்று அவர் நான்கு ஆண்டுகளாக எதைக் கையில் வைத்திருக்கிறாரோ அதைக் கொடுத்தவள் அவள்.

அவள் அவரை ஒருக்கா வென்றது நான்கு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசியில். மழை விட்டிருந்த ஒரு மைதானம், பல்லடம் பக்கத்தில் மூடிக் கிடந்த ஆலையின் முற்றம். அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. கூட்டத்தில் ஒரே கூச்சல். "என்ன மாப்ள, இனி டிக்கியில உக்காந்துக்கறீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். மகுடேஸ்வரன் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார், அவள் தோளைத் தட்டினார், எல்லாருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார். திரும்பும் வழியில்தான் அவர் பேசவில்லை. சூலூர் வரும்வரை பேசவில்லை. பிறகு, அந்த ஊர்ச் சிக்னல் விளக்கில் நின்றபோது, துடைப்பான் ஓடாத கண்ணாடியைப் பார்த்தபடி, "வண்டியை வித்துரலாம்னு பாக்கறேன் கோதை. பழசாயிருச்சு" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஒரு வேளை கார் உண்மையாகவே பழையதாகிவிட்டது என்றுதான் சொன்னாரோ? இந்த இடத்தில் அவள் மனம் எப்போதும் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். அன்று அவர் வாட்டம் தோல்வியாலா, காய்ச்சலாலா, அடுத்த நாள் வேலையை நினைத்தா, அவள் கேட்கவில்லை. ஏனுங்க, தோத்தது வருத்தமா என்று மூன்றே சொல். கேட்டிருந்தால் அவர் ஆமாம் என்றிருப்பார், அல்லது போடி என்றிருப்பார். எதுவானாலும் அது சூலூரிலேயே முடிந்திருக்கும். கேட்காமல் அவளாகவே ஒரு விடையை எழுதிக்கொண்டாள். அந்த விடைக்கு அன்பு என்று பெயரும் வைத்தாள். அன்பு மட்டுந்தானா? கார் போனால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் போகும். விடியலில் மைதானத்தில் நடக்கும் நடையும், முதல் கூம்பைக் கடக்கும்போது வயிற்றில் எழும் அந்தக் குளிரும் போகும். தன் ஞாயிறுகளைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள் என்று சொன்னால் அதுவும் உண்மை. அவருக்காக என்று சொன்னால் அதுவும் உண்மை. இரண்டும் முறுக்கிய இழைகள். எதை உருவினாலும் மற்றது அவிழ்கிறது.

அடுத்த போட்டியில் ஒரு முறை மட்டும் என்று நினைத்தாள். கடைசி வளைவு இடப்புறம் நீண்டு திரும்புவது. அதில் காலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே வர வேண்டும், கார் வெளிப்பக்கமாக நழுவி நழுவி, எல்லைக் கூம்புக்கு ஒரு சாண் இருக்கையில் நேராகும். அங்கே ஒரு கணம் காலைத் தளர்த்தினாள். அவருடைய நேரத்துக்குச் சற்றே பின்னால் வந்து நின்றாள். ஒலிபெருக்கி சொன்னதும் அவர் முகத்தில் வந்த ஒளியைப் பார்த்து, நெஞ்சு நிறைந்ததும் உண்மை. காரை விற்கும் பேச்சு பிறகு வரவில்லை. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பழக்கம் என்பது அப்படித்தான். வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், அதில் அவளுக்குத் தேர்ச்சி வந்தது. அவர் நேரத்தைக் கேட்டுக்கொண்டே புறப்பட்டு, பாதையின் முக்கால் பகுதியைப் பழுதறவே ஓட்டி, உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை வைத்துக் கணித்து, கடைசி வளைவில் எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு பின்தங்கலாம் என்று அவளுக்கு மயிரிழைத் துல்லியத்தில் தெரிந்தது. மிகுதியாகத் தோற்றால் அவர் கவலைப்படுவார். குறைவாகத் தோற்றால் அடுத்த முறை தவறிப்போய் வென்றுவிடலாம். இரண்டுக்கும் நடுவே, நூல் பிடித்தாற்போல். வென்றிருந்தால்கூட இத்தனை திறமை வேண்டியிருந்திருக்காது. அந்தத் திறமையை மெச்ச ஒருவரும் இல்லையே என்று ஒருநாள் வருந்திக்கூட இருக்கிறாள். அந்த வருத்தத்தை இப்போது நினைக்கக் காது மடல் சுட்டது.

இன்னாசி ஏதோ கம்பியைத் தேடி உள்ளே போனார். அந்த இடைவெளியில், மின்விசிறியின் சீரான சத்தத்தில், தப்பும் வழி ஒன்று தானாகவே வந்து அவள் முன்னால் நின்றது. ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை? கருவிகளை வாங்கட்டும், மூன்றையும் வாங்கட்டும். வரும் ஞாயிறு அவள் காலை எடுக்காமல் ஓட்டிவிட்டால் போதும். கோட்டில் ஒரு பள்ளமும் இருக்காது. நேரம் சட்டென்று குறையும், ஏன் குறைந்தது? கருவி வந்தது, குறைந்தது. "பாத்தியா கண்ணு, நான் சொன்னேன்ல!" என்று அவர் மைதானம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். தோற்றாலும் கற்பித்தவரின் மகிழ்ச்சி அவருக்கு இருக்கும். பழைய பொய்யை இந்தக் கறுப்புப் பெட்டியே விழுங்கிக்கொள்ளும், ஒருவரும் அறியமாட்டார்கள். மூச்சு இலேசாக வந்தது. ஹெல்மெட்டுகள் வெறும் ஹெல்மெட்டுகளாயின. வெளியே எங்கோ பேருந்து ஒன்று நீளமாக ஒலியெழுப்பிப் போனது. அதைக்கூட இப்போதுதான் கேட்டாள். இப்படியும் முடியுமா, இத்தனை எளிதாகவா என்று மனம் அந்த வழியை மீண்டும் ஒருமுறை நடந்து பார்த்தது, போட்டிக்கு முன் பாதையை நடந்து பார்ப்பதுபோல, எங்கே கூம்பு, எங்கே திருப்பம் என்று. திருப்பம் எதுவும் தென்படவில்லை.

இன்னாசி திரும்பி வந்து, "பழைய வீடியோ ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? ஒழுகற எடம் எதுன்னு தெரிஞ்சா எந்தச் சாமான் வேணுங்கறதைச் சொல்லிருவேன்" என்றார். மகுடேஸ்வரன் ஏற்கெனவே செல்பேசியை எடுத்துவிட்டார். இருக்கைக்குப் பின்னால் செல்பேசியைக் கட்டி எடுத்த படங்கள் அவை. வெயில் கண்ணாடியில் பட்டுப் படம் முழுக்க வெண்மையாய் வெளுத்திருக்கும், நடுக்கத்தில் கூம்பு எது வானம் எது என்று தெரியாது. ஆனால் ஒலி தெளிவு. அதை அவள் மறந்திருந்தாள். இஞ்சின் உறுமி ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது; கடைசியில், ஏறிக்கொண்டே வந்த உறுமல் ஒரு கணம் தொய்ந்து, மீண்டும் ஏறி முடிகிறது. இன்னாசி காதைச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இங்கதான். கால் எடுத்துட்டாங்க." அடுத்த படம். "இங்கயும்." அடுத்தது. "அதே எடம். என்னங்க அம்மணி, அங்க ஏதாச்சும் பேய் கீய் நிக்குதா?" அவள் பேசுமுன் கணவர் பேசினார். அவர் குரல் தணிந்திருந்தது. அவள் கேட்கக்கூடாது என்பதற்காகத் தணிந்ததா, கேட்கட்டும் என்பதற்காகவா, தெரியவில்லை. "பயமுங்க. அது நான் வெச்ச பயம்." இன்னாசி கண்ணைத் திறந்தார். "நாலு வருசத்துக்கு மின்னாடி, போட்டிக்கு மின்ன ஓட்டிப் பாக்கறப்ப, அந்தக் கடைசித் திருப்பத்துல வண்டி சுத்திருச்சு. அத்தனை பேருக்கு மின்னாலயும் நான் காட்டுக் கத்தலாக் கத்திப்போட்டேன். கண்ணு எங்கடி வெச்சிருந்தே, சாகறதுக்கா வந்தேன்னு. அன்னைக்கு மத்தியானத்துல இருந்து, எந்த மைதானமானாலும், கடைசித் திருப்பத்துல கால் எடுக்கறா. அதுக்கு மின்னாடி எடுத்ததே இல்ல. எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் எடுக்கறப்ப எனக்குத்தான் இங்க சுருக்குங்குது. எப்படியாச்சும் அதை எடுத்துப்போடோணுமுங்க இன்னாசி. வேகமெல்லாம் அப்புறம்."

கத்தினாரா? கத்தினார். இப்போது நினைவு வருகிறது: பல்லடத்துக்கு அடுத்த போட்டியின் காலையில் கார் தட்டாமாலை சுற்றி நின்றது, புழுதி, வெளுத்த முகத்தோடு அவர் ஓடி வந்தது, ஏதோ கத்தியது. அவள் அதைப் பத்து நிமிடத்தில் மறந்துபோனாள். அன்று அவள் மனம் முழுக்கச் சூலூர் விளக்கும் விற்கப்போகும் காரும் இருந்தன. அவள் உதறிய அந்தக் கத்தலை அவர் பொறுக்கி எடுத்து நான்கு ஆண்டுகள் மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவருக்கு வெற்றியைக் கொடுத்ததாக அவள் நினைத்திருந்தாள், கொடுத்தது அதுவன்று. ஓடி முடித்து அவள் இறங்கும்போதெல்லாம் தண்ணீர்ப் புட்டியை நீட்டி, "பரவால்ல கண்ணு, பரவால்ல" என்பாரே, அது வென்றவரின் பெருந்தன்மை என்று எண்ணி அவள் உள்ளுக்குள் சிரித்திருக்கிறாளே, அது மன்னிப்புக் கேட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டது. அவள் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். இரவில் அவர் கேட்பாரே, அந்த எடத்துல உனக்கு என்ன தோணுது கண்ணு, சும்மா சொல்லு என்று. ஒன்றுமில்லை என்று அவள் திரும்பிப் படுத்தாளே. சற்று முன் கண்ட அந்த வழி, திருப்பமே இல்லாத வழி, இன்னும் திறந்துதான் இருந்தது. இன்னும் நன்றாகவே திறந்திருந்தது. ஞாயிறு அமுக்கி ஓட்டிவிட்டால் பயம் போய்விட்டது என்று அவர் நிம்மதி அடைவார். அவர் பாரமும் இறங்கும். எல்லாம் இனிதே முடியும். ஆனால் செய்யாத குற்றத்திலிருந்து விடுதலை பெற்றவராக அல்லவா அவர் கடைசிவரை இருப்பார்? அவள் கொடுத்த குற்றம், அவள் கொடுத்த விடுதலை, அவள் கொடுத்த வெற்றி. அவருடையது என்று சொல்ல அதில் என்ன மிஞ்சும்? டயரைச் சூடேற்றிக் கொடுத்தது மட்டும்.

"இன்னும் ஒண்ணு இருக்குது, பெருந்துறை" என்று கணவர் விரலால் தள்ளினார், அவளால் அந்த விரலைத் தடுக்க முடியவில்லை. பெருந்துறை. அன்று போட்டியாளர்களே முறைவைத்துச் செய்யும் வேலையில், சாய்ந்த கூம்பை நிமிர்த்தும் வேலை முதல் சுற்றில் அவருக்கு விழுந்தது, மைதானத்தின் தொலைமூலையில். ஆகவே அன்று ஒரு நாள் மட்டும் அவள் முன்னால் ஓடினாள். பின்தங்க வேண்டிய எண் எதுவும் அவள் கையில் இல்லை. எவ்வளவு தளர்த்துவது என்று தெரியாமல், தளர்த்தவே தளர்த்தாமல் கடைசி வளைவைக் கடந்துவிட்டு, முடிவுக் கோட்டுக்கு முன்னால், எங்கே வென்றுவிடுவோமோ என்று அஞ்சிப்போய். செல்பேசியில் இஞ்சின் ஏறியது, ஏறியது, தொய்வே இல்லாமல் ஏறி உச்சத்தில் பாடியது. பிறகு ஸ்டியரிங் சட்டென ஒரு பக்கம் ஒடிந்தது. டப் என்று மெத்தென்ற ஓர் ஓசை. இரண்டு நொடி அபராதம். அந்த அபராதத்துக்குப் பின்னால் ஒருவரும் உண்மை நேரத்தைத் தேடிப் பார்க்கவில்லை. இன்னாசி தூக்கத்தில் இருந்து விழித்தவர்போல் நிமிர்ந்தார். "அட, இதுல கால் எடுக்கவே இல்லீங்களே! கூம்பைத்தான் தட்டிப்போட்டாங்க. வேணும்னே போயி இடிச்ச மாதிரியல்ல இருக்குது" என்று சொல்லி உடல் குலுங்கச் சிரித்தார். மகுடேஸ்வரன் அதை மறுபடி ஓடவிட்டார். பிறகு மறுபடி. அவர் கட்டைவிரல் திரைமேல் நிற்பதையும், நெற்றிக்கு ஏற்றியிருந்த மூக்குக்கண்ணாடியை மெல்ல இறக்கிப் போட்டுக்கொள்வதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நான் கூம்பு தூக்கற வேலையில நின்னேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "இவ மின்னாடி ஓட்டுனா." அவர் கணக்குப் போடுகிறார் என்பது தெரிந்தது, அவர் நேரத்தைக் கேட்டுவிட்டுப் பின்னால் ஓடிய நாளெல்லாம் பயம், முன்னால் ஓடிய ஒரு நாள் பயமில்லை என்று அவர் மனம் ஒவ்வொரு மைதானமாகப் போய்த் திரும்புகிறது, பல்லடத்துக்குப் போகிறது, சூலூரில் விளக்கில் நிற்கிறது. அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. செல்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். அந்தக் கட்டைவிரல் செருகியை ஒற்றை விரலால், நோகாமல், இன்னாசியின் பக்கமாகத் தள்ளினார். "கேமரா மட்டும் போதும் இன்னாசி. மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்." எத்தனை மென்மையான குரல்! அந்த மென்மையை அவளுக்குத் தெரியும், அதன் எடை, அதன் நேரம், அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது வரைக்கும். அது அவளுடையது. பாதையின் முக்கால் பகுதியைக் கடந்து வந்து, எல்லாம் தெரிந்த பின், அவர் காலை எடுத்துவிட்டார்.

அவள் கை மேசையைக் கடந்து போய்ச் செருகியைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் வைத்தது. "இதுவும் வேணுமுங்க" என்றாள் இன்னாசியிடம். "மூணுமே கட்டுங்க." இன்னாசி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனார். கணவர் பச்சைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கெழமை நான் மின்னாடி ஓட்டறனுங்க" என்றாள். அவர் துணியை மடிப்பதை நிறுத்தவில்லை. "டயர் ஆறிக் கெடக்குமே." "கெடக்கட்டுமுங்க. நீங்க ஒருக்காச் சூட்டுல ஓட்டுங்க." மடித்த துணியை அவர் மீண்டும் பிரித்து நீவினார், அதில் இல்லாத ஒரு சுருக்கத்தை. பிறகுதான் முகத்தைத் திருப்பினார். கோபத்தை எதிர்பார்த்து அவள் உள்ளே எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்தது கோபமா இல்லையா என்று அவளால் படிக்க முடியவில்லை. "எத்தனை நொடி இருக்கும் கோதை?" என்றார். "நெசமா ஓட்டுனா, உனக்கும் எனக்கும் நடுவுல?" இத்தனை ஆண்டுகள் மயிரிழை தப்பாமல் அளந்தவள், விடையைத் தேடி உள்ளே போனாள், அங்கே அவர் நேரங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன, அவளுடையது ஒன்றுகூட இல்லை. "தெரியாதுங்க" என்றாள். "இந்த நாலு வருசத்துல கடைசி வரைக்கும் நான் ஓட்டிப் பாக்கவே இல்லீங்களே."